குட் லிஃப்ட்

அந்த ஐந்து மாடிக் கட்டடத்தில் அவருக்குப் பெயர் கிராமர். பெற்றவர்கள் ஆசையாக வைத்த பெயர் சம்பளப் பட்டியலோடு சரி. வாசல் வாட்ச்மேனிலிருந்து இரண்டாம் மாடிப் பல் டாக்டர் வரைக்கும் எல்லோருக்கும் அவர் கிராமர் சார்தான். முதுகுக்குப் பின்னால் 'சார்' உதிர்ந்துவிடும். கட்டடத்துக்கு மேனேஜர் என்று உத்தியோகம். வேலை என்னவோ சாவிக்கொத்து, தண்ணீர் மோட்டார், லிஃப்ட் ரிப்பேர், ஒழுகுகிற குழாய். இதற்கெல்லாம் இலக்கணம் எதற்கு என்று யாரும் அவரிடம் கேட்டதில்லை. கேட்டிருந்தால் அரை மணி நேரம் பதில் சொல்லியிருப்பார்.

இருபத்து மூன்று வயதில் அவர் ஒரு செருப்புக்கடையில் விற்பனையாளராக இருந்தார். நாள் முழுக்க அடுத்தவர் காலடியில் குந்தியிருக்கிற வேலை. எழுந்து ஒரு நாற்காலியில் உட்கார்ந்து பார்க்க வேண்டும் என்கிற ஆசையில் ஒரு பெரிய கம்பெனியின் குமாஸ்தா வேலைக்கு மனுப் போட்டார். நேர்முகத்துக்குக் கூப்பிட்டுவிட்டார்கள். மேசைக்கு அந்தப் பக்கம் மூன்று பேர். இப்போது என்ன செய்கிறாய் என்று ஆங்கிலத்தில் கேட்டார்கள். வீட்டில் கண்ணாடி முன்னால் நின்று நூறு தடவை சொல்லிப் பார்த்திருந்த பதிலைச் சொன்னார்: ஷூஸ் ஷாப்பில் வேலை பார்க்கிறேன்.

நடுவில் இருந்தவர் பேனாவைக் கீழே வைத்தார். "ஷூஸ் ஷாப் இல்லை தம்பி, ஷூ ஷாப். உள்ளே ஆயிரம் ஷூ இருந்தாலும் ஷூ ஷாப்தான்."

மற்ற இரண்டு பேரும் சிரித்தார்கள். தொண்டையைச் செருமிக்கொள்ளும் நேரத்தில் முடிந்துபோன சிரிப்புதான். அந்த வேலை கிடைக்கவில்லை. கிடைக்காததற்கு நூறு காரணம் இருந்திருக்கலாம். அவர் அந்த ஒரே ஒரு எஸ்ஸைப் பிடித்துக்கொண்டார்.

அடுத்த வாரமே பழைய புத்தகக் கடையில் அட்டை கிழிந்த ஆங்கில இலக்கணப் புத்தகம் ஒன்றை வாங்கினார். நாற்பத்திரண்டாம் பக்கத்தில் அவருக்கு வேண்டியது இருந்தது. இரண்டு பெயர்ச்சொற்கள் ஒட்டி நின்றால் முன்னால் நிற்பது ஒருமையிலேயே இருக்கும். புத்தகம் பத்து இருந்தாலும் புக் ஷெல்ஃப். முப்பத்திரண்டு பல்லைத் தேய்த்தாலும் டூத் பிரஷ். அவர் அந்த வரிகளின் கீழே சிவப்புப் பேனாவால் கோடு போட்டார். அந்த இடத்திலேயே புத்தகத்தை மூடியும் வைத்துவிட்டார்.

பிறகு அவர் கண்ணுக்கு ஊர் முழுக்க எஸ்ஸாகவே தெரிந்தது. மருந்துக்கடையில் மெடிசின்ஸ் கவுண்டர் என்று எழுதியிருந்தால் மாத்திரை வாங்க வந்ததை மறந்துவிட்டுக் கடைக்காரரைப் பிடித்துக்கொள்வார். கல்யாணப் பத்திரிகை கொண்டுவந்து கொடுத்தால் தேதியைப் பார்க்கும் முன்பே பிழையைப் பார்த்துவிடுவார். அவருடைய மனைவி வாய்த் துடுக்கானவள். ஒருநாள் தெருவில் நடக்கும்போது சொன்னாள்: "ரெண்டு பேர் சேர்ந்து போனா முன்னாடி போறவரு ஒருமைதானே? அப்ப கடைக்கு நீங்க ஒருமையாவே போயிட்டு வாங்க. எனக்குக் கால் வலிக்குது." அவருக்கும் சிரிப்பு வந்தது. ஆனாலும் போகிற வழியில் இரண்டு போர்டுகளைத் திருத்திவிட்டுத்தான் வந்தார்.

யாரும் அவரை வெறுத்ததில்லை என்பதையும் சொல்ல வேண்டும். விண்ணப்பம் நிரப்ப, கடிதம் எழுத, பிள்ளைகளின் பள்ளிக்கூடப் படிவத்தைச் சரிபார்க்க எல்லோரும் அவருடைய கீழ்த்தளத்து அறைக்குத்தான் வந்தார்கள். ஒருவரையும் அவர் திருப்பி அனுப்பியதில்லை.

அவருக்கு ஐம்பது வயதானபோது கட்டடத்தின் முதலாளி எல்லாப் பக்கமும் வெள்ளையடித்து, பழைய போர்டுகளைக் கழற்றிவிட்டுப் புதிதாக மாட்டச் சொன்னார். ஒன்பது போர்டுகளுக்கு ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். எல்லாம் ஆங்கிலத்தில், வெள்ளை எழுத்து, நீலப் பலகை. "நீங்களே பார்த்து முடிச்சிடுங்க. உங்களுக்கு நான் இங்கிலீஷ் சொல்லித் தரவா?" என்று சிரித்துவிட்டுப் போனார். அந்த ஒரு வார்த்தையில் கிராமருக்குத் தலைகால் புரியவில்லை.

தாளை மேசையில் விரித்துச் சிவப்புப் பேனாவை எடுத்தார். ஷூஸ் ரேக். எஸ்ஸை அடித்தார். டெனன்ட்ஸ் பார்க்கிங். அங்கேயும் அடித்தார். அடுத்தது குட்ஸ் லிஃப்ட். பேனா ஓடின வேகத்தில் அதிலும் ஒரு கோடு விழுந்தது. மூன்றும் ஒரே மூச்சில் நடந்துவிட்டது. அந்த மூன்றில் முதல் இரண்டு சரி.

குட்ஸ் லிஃப்ட் என்பது கட்டடத்தின் பின்பக்கம் இருந்தது. பேப்பர் கட்டுகளும் துணி மூட்டைகளும் ஏற்றுவதற்கான இரும்புக் கூண்டு. முன்பக்கத்து லிஃப்ட் போல வழவழப்பான கதவு கிடையாது. இழுத்து மூடுகிற பின்னல் கம்பிக் கதவுதான். கையோ காலோ கம்பிக்கு வெளியே இருந்தாலும் அது பாட்டுக்குக் கிளம்பிவிடும். பழைய தகரத்தில் ஒரு மனித உருவத்தை வரைந்து அதன்மேல் சிவப்பில் பெரிய பெருக்கல் குறி போட்டிருந்தார்கள். படிக்கத் தெரியாதவருக்கும் அது புரியும். பார்க்க அசிங்கமாக இருக்கிறது என்று கிராமர்தான் அதைக் கழற்றிப் பழைய இரும்போடு போட்டார்.

தெருமுனையில் ஒரு பெண் ஸ்டிக்கர் கடை வைத்திருந்தாள். முப்பது வயது இருக்கும். கம்ப்யூட்டரில் எழுத்தைப் போட்டு மெஷினில் வெட்டிப் பலகையில் ஒட்டிக் கொடுப்பாள். தாளை வாங்கி மேலிருந்து கீழ் வரை பார்த்தவள் ஓர் இடத்தில் நின்றாள்.

"சார், ஷூ ரேக் சரி. டெனன்ட் பார்க்கிங் சரி. இது குட்ஸ் லிஃப்ட் இல்லையா? எஸ்ஸை எடுத்தா வேற மாதிரி ஆயிடுதே."

"என்ன வேற மாதிரி?"

"குட் லிஃப்ட்னா நல்ல லிஃப்ட்னு வருது சார்."

கடையில் இன்னும் இரண்டு வாடிக்கையாளர்கள் நின்றிருந்தார்கள். அவர்கள் இல்லாவிட்டால் கிராமர் ஒரு நிமிடம் யோசித்திருப்பாரோ என்னவோ.

"ஏம்மா, தமிழ்லயே எடுத்துக்கோ. செருப்புக்கடைன்னு சொல்றியா, செருப்புகள் கடைன்னு சொல்றியா?"

"செருப்புக்கடைதான்."

"பூக்கடையா, பூக்கள் கடையா?"

"பூக்கடை."

"அவ்வளவுதான் விஷயம். முன்னாடி நிக்கிற பேருக்குப் பன்மை கிடையாது. இங்கிலீஷ்லயும் அதே சட்டம்தான்."

வாடிக்கையாளர்களில் ஒருவர் ஆமாம் ஆமாம் என்று தலையாட்டினார். அந்தப் பெண் மட்டும் விடவில்லை. "இருந்தாலும் ஒரு தடவை பார்த்துட்டுச் சொல்லுங்களேன் சார். வெட்டி ஒட்டிட்டா அப்புறம் கஷ்டம்."

"நான் சொல்றேன்ல? வெட்டும்மா."

வெட்டினாள். மறுநாளே ஒன்பது போர்டும் மாட்டியாகிவிட்டது.

அந்தப் பெண்ணின் கேள்வி சட்டைக் காலருக்குள் விழுந்த முடி மாதிரி அவரை அரித்துக்கொண்டே இருந்தது. இரண்டு நாள் கழித்து மதியம், சாப்பாட்டு டப்பாவைக் கழுவி வைத்துவிட்டு அலமாரியிலிருந்து பழைய புத்தகத்தை எடுத்தார். நாற்பத்திரண்டாம் பக்கம் அப்படியே இருந்தது, சிவப்புக் கோட்டோடு. முதன்முறையாக அடுத்த பக்கத்தைத் திருப்பினார். விதிவிலக்குகள் என்று தலைப்பு. சில சொற்கள் எஸ்ஸோடு மட்டுமே வாழும். இன்னொரு சொல்லுக்கு முன்னால் வந்தாலும் எஸ்ஸை விடாது. விட்டால் பொருளே மாறிவிடும். ஸ்போர்ட்ஸ், கஸ்டம்ஸ், சேவிங்ஸ், கிளாத்ஸ். ஐந்தாவதாக குட்ஸ்.

இருபத்தேழு வருடம் அந்தப் பக்கம் அங்கேயே இருந்திருக்கிறது. அவர் காது சூடானது. அறையில் யாரும் இல்லாவிட்டாலும் சுற்றுமுற்றும் பார்த்தார்.

அப்போதே தெருமுனைக்குப் போயிருக்கலாம். ஐந்து நிமிட நடை. ஆனால் போனால் அந்தப் பெண்ணிடம் சொல்ல வேண்டும். அவள் சிரிக்கமாட்டாள் என்று தெரியும். சிரிக்காமல் இருக்க அவள் பாடுபடுவாளே, அதைப் பார்க்க அவருக்குத் தெம்பு இல்லை. பின்பக்கம் யார் போகிறார்கள், மூட்டை தூக்குகிறவர்கள் போர்டைப் பார்த்தா ஏறுகிறார்கள் என்று சமாதானம் சொல்லிக்கொண்டார். முதலாளியும் பின்பக்கம் எட்டிப் பார்க்கிறவர் இல்லை. அடுத்த வாரம் மாற்றலாம் என்றார். அடுத்த வாரம் வந்து போனது. அதற்கடுத்த வாரமும்.

நாலாவது மாடியில் ஒரு தையல் கூடம் இருந்தது. பள்ளிச் சீருடை தைக்கிற இடம். இருபது மெஷின், இருபது பெண்கள். போர்டு மாட்டிய பத்தாவது நாள் அங்கே புதிதாக ஒருத்தி வேலைக்குச் சேர்ந்தாள். சட்டைக்குப் பட்டன் வைப்பது அவள் வேலை. அவளைவிட மூத்தவர்கள்கூட அவளைப் பட்டன் அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். வலது முழங்காலில் அவளுக்கு வாதம். முன்பக்க லிஃப்ட் மாதத்தில் பாதி நாள் படுத்துவிடும். அப்போதெல்லாம் நாலு மாடியும் கைப்பிடியைப் பிடித்துப் பிடித்து ஏறுவாள்.

ஒருநாள் காலையில் கிராமர் பின்பக்கம் மோட்டாரைப் பார்க்கப் போனபோது, குட்ஸ் லிஃப்ட்டின் கம்பிக் கதவைத் திறந்துகொண்டு பட்டன் அக்கா வெளியே வந்தாள்.

"என்னம்மா, இதுலயா வந்தீங்க?"

"ஆமா சார். நூல் கட்டு வந்திருக்கான்னு பார்க்க வந்தேன். முன்னாடி இருக்கிறது கெட்டுப்போச்சே. இது நல்ல லிஃப்ட்." அவள் முகம் மலர்ந்திருந்தது. போர்டைக் கையால் காட்டினாள். "நானே படிச்சேன் சார். என் பொண்ணு பள்ளிக்கூடத்துலேர்ந்து வந்து தினம் எனக்கு இங்கிலீஷ் எழுத்து சொல்லிக் குடுக்கிறா. ஜி, ஓ, ஓ, டி. குட். அதுக்கப்புறம் லிஃப்ட். அது முன்னாடியே தெரியும். வெளியே சுவத்துல நான் தானாப் படிச்ச முதல் வார்த்தை சார் இது."

கிராமர் போர்டைப் பார்த்தார். இப்போது சொல்லிவிட வேண்டும். இது சாமான் ஏற்றுகிற லிஃப்ட், ஏறாதீர்கள், போர்டு தப்பு, தப்பு என்னுடையது. நாலே வாக்கியம். அவர் வாயைத் திறந்தார்.

"பார்த்துப் போங்கம்மா," என்றார்.

அவள் தலையாட்டிவிட்டுப் போனாள். பிற்பாடு எத்தனையோ வருடம் அந்த இரண்டு வார்த்தைகள் சாப்பிடும்போதும் ஷேவ் பண்ணும்போதும் அவருக்குள் வந்து வந்து போயின.

அதிலிருந்து ஆறாவது நாள், முற்பகல் பதினோரு மணிக்கு, பின்பக்கமிருந்து ஓர் அலறல் கேட்டது. கிராமர் ஓடினார். லிஃப்ட் இரண்டாவது மாடிக்கும் மூன்றாவது மாடிக்கும் நடுவே நின்றிருந்தது. முழங்கால் மடங்கியபோது விழுந்துவிடாமல் இருக்கப் பட்டன் அக்கா பின்னல் கம்பியைப் பிடித்திருக்கிறாள். விரல்கள் கம்பிக்கு வெளியே நீட்டியிருக்கின்றன. சுவரின் விளிம்பு வந்திருக்கிறது. வலது கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் போய்விட்டன.

அவளை இறக்கியது கிராமர்தான். தன் சட்டையைக் கழற்றிக் கையில் சுற்றியதும் அவர்தான். அவள் அழவில்லை. வெளுத்துப்போன முகத்தோடு, "பொண்ணு பள்ளிக்கூடத்துல இருக்கா, அவகிட்ட சொல்லிடாதீங்க," என்றாள். வாட்ச்மேன் ஒரு வண்டியைப் பிடித்து அவளை ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்.

வண்டி திரும்பும் வரை பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பனியன் மேல் மழைக்கோட்டைப் போட்டுக்கொண்டு கிராமர் நேராகத் தெருமுனைக்கு நடந்தார். மூன்று வாரமாக நடக்காத அந்த ஐந்து நிமிட நடையை அன்றைக்கு மூன்று நிமிடத்தில் முடித்தார்.

"ஒரு எஸ் வேணும். அதே எழுத்து, அதே அளவு."

ஸ்டிக்கர் கடைப் பெண் அவரைப் பார்த்தாள். மழைக்கோட்டின் கைப்பக்கம் இருந்த ரத்தத்தைப் பார்த்தாள். எதுவும் கேட்காமல் மெஷினை ஓடவிட்டு ஓர் எழுத்தை வெட்டி அவர் கையில் வைத்தாள். அவர் வாசல்படி இறங்கும்போதுதான் பேசினாள்.

"அன்னைக்கே கேட்டேனே சார்."

அவர் திரும்பவில்லை.

குட்டுக்கும் லிஃப்ட்டுக்கும் நடுவே இருந்த இடத்தில் எஸ்ஸைத் திணித்து ஒட்டினார். சற்று நெருக்கமாகத்தான் இருந்தது. உற்றுப் பார்க்காதவர்களுக்குத் தெரியாது. மாலையில் முதலாளி வந்தார். போர்டு முன்னால் இடுப்பில் கை வைத்து நின்றார். "தெளிவாத்தானே போட்டிருக்கு. குட்ஸ் லிஃப்ட். இதுல ஆள் ஏறினா நாம என்ன பண்ண முடியும்?" என்றார். மூட்டை தூக்குகிறவர்களுக்குப் போர்டில் என்ன இருந்தது என்று தெரியாது. வாட்ச்மேன் பின்பக்கம் போகிறவர் இல்லை. தையல் கூடத்துச் சூப்பர்வைசர் மட்டும், "குட் லிஃப்ட்னு படிச்சேன்னு எல்லார்கிட்டயும் சொல்லிட்டிருந்தா சார்," என்று இழுத்தாள்.

"அரைகுறையாப் படிச்சிருக்கா. கடைசி எழுத்தை விட்டுட்டா," என்றார் முதலாளி. பிறகு கிராமரைப் பார்த்தார். "நீங்க என்ன சொல்றீங்க?"

கிராமர் போர்டைப் பார்த்துக்கொண்டே, "அப்படித்தான் இருக்கும்," என்றார்.

ஆஸ்பத்திரிச் செலவை முதலாளி ஏற்றுக்கொண்டார். நல்ல மனுஷன் என்று எல்லோரும் சொன்னார்கள். இரண்டு விரல் இல்லாமல் பட்டன் வைக்க முடியாது என்பதால் தையல் கூடத்தில் வேறு ஆளைப் போட்டார்கள். மாடியில் மதிய வேளைகளில் யாராவது எதையாவது தப்பாகப் படித்தால், "நீயும் குட் லிஃப்ட்டா?" என்று கேலி செய்வது பழக்கமாயிற்று.

ஒன்றரை மாதம் கழித்துப் பட்டன் அக்கா தன் கத்தரிக்கோலையும் மூக்குக்கண்ணாடியையும் எடுத்துப்போக வந்தாள். போகிற வழியில் பின்பக்கம் போய் அந்தப் போர்டின் முன்னால் நின்றாள். கிராமர் மோட்டார் அறையின் ஜன்னலிலிருந்து பார்த்தார். அவள் உதடுகள் ஒவ்வோர் எழுத்தாக அசைந்தன. முதல் வார்த்தையின் கடைசி எழுத்தில் நின்றன. கட்டுப் போட்ட கையை மார்போடு சேர்த்துப் பிடித்துக்கொண்டு, திட்டு வாங்கிய சின்னப் பிள்ளை போலத் தலையைக் குனிந்தபடி போய்விட்டாள். அவர் ஜன்னலை விட்டு நகரவில்லை.

அதன்பின் அவர் யாரையும் திருத்தவில்லை. மனைவிதான் முதலில் கவனித்தாள். "நேத்து நாலு தப்பு பண்ணினேன், வேணும்னே. நீங்க ஒண்ணுமே சொல்லலையே, உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று கேட்டாள். வயசாகுது என்று சொல்லிச் சமாளித்தார். கட்டடத்தில் எல்லோரும் அவரைக் கிராமர் சார் என்றுதான் கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிடும்போதெல்லாம் அவர் வேறு பக்கம் திரும்பிக்கொள்வார். தெருமுனைக் கடையைத் தாண்டும்போது எதிர்ப்பக்கம் நடந்தார்.

எட்டு வருடம் அப்படிப் போனது. ஓய்வு பெற்றபோது முதலாளி மாலை போட்டுக் கைகொடுத்தார். இருபது வருடத்தில் ஒரு பிழை இல்லாமல் கட்டடத்தைப் பார்த்துக்கொண்டார் என்று பேசினார். வீட்டுக்கு வந்து மாலையைக் கழற்றி நாற்காலியில் போட்டதும் கிராமருக்கு அழுகை பொத்துக்கொண்டு வந்தது. மனைவி பயந்துபோய்ப் பக்கத்தில் உட்கார்ந்தாள். அவர் எல்லாவற்றையும் சொன்னார், சிவப்புப் பேனாவிலிருந்து எஸ் ஒட்டியது வரை.

எந்த விஷயத்துக்கும் ஒரு கிண்டல் வைத்திருக்கிறவள், எழுந்து போய் மாலையை ஓரமாக எடுத்து வைத்தாள்.

"எட்டு வருஷமா என் பக்கத்துல உட்கார்ந்துதானே சாப்பிட்டீங்க," என்றாள் கடைசியில். "அந்தப் பொம்பளைகிட்ட போய்ச் சொல்லிட்டு வாங்க. அதுவரைக்கும் என்கிட்ட எதுவும் சொல்லாதீங்க."

முகவரி தெரியவில்லை. வேறு வழியில்லாமல் ஸ்டிக்கர் கடைக்குப் போனார். அந்தப் பெண்ணுக்குத் தலையில் அங்கங்கே நரை வந்திருந்தது. அவர் கேட்டு முடிக்கும் முன்பே ஒரு காகிதத்தில் எழுதினாள்.

"உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"நான் ரெண்டு தடவை போய்ப் பார்த்தேன் சார். பழம் குடுத்துட்டு வந்தேன். விஷயத்தைச் சொல்லலை. அதைச் சொல்ல வேண்டியவர் நீங்க." காகிதத்தை நீட்டினாள். "சொல்லாம வந்தது எனக்கும் உறுத்தல்தான்."

பட்டன் அக்கா ஒரு சலவைக் கடையில் துணி மடிக்கிற வேலையில் இருந்தாள். கடைக்கு மேலேயே இரண்டு அறையில் குடியிருப்பு. கிராமரைப் பார்த்ததும் அடையாளம் தெரிந்துகொண்டாள். "வாங்க சார், அன்னைக்குச் சட்டையைக் கழற்றிச் சுத்தினீங்களே, மறப்பேனா," என்று நாற்காலியைத் துடைத்துப் போட்டாள். அவர் உட்காரவில்லை. நின்றபடியே சொன்னார்.

அவள் முகத்தில் கோபம் வரவில்லை. எதையோ கூட்டிப் பார்ப்பவள் போலப் புருவத்தைச் சுருக்கினாள்.

"அப்ப, அன்னைக்கு அங்க எஸ் இல்லையா?"

"இல்லைம்மா."

"நான் படிச்சது?"

"நீங்க சரியாத்தான் படிச்சீங்க."

அவள் மூன்று விரல் கையால் வாயைப் பொத்திக்கொண்டாள். பிறகு உள்ளறையைப் பார்த்துக் கூப்பிட்டாள். "இங்க வா. இவரு சொல்றதை நீயும் கேளு."

மகள் வந்தாள். இருபது வயது, மருந்துக்கடைச் சீருடையில் வேலைக்குக் கிளம்பிக்கொண்டிருந்தாள். கிராமர் இன்னொரு முறை முதலிலிருந்து சொல்ல வேண்டியிருந்தது. இரண்டாவது முறை சொல்வது முதல் முறையைவிடக் கஷ்டமாக இருந்தது. ஏனென்றால் அந்தப் பெண் கண்ணெடுக்காமல் அவரையே பார்த்தாள்.

"எனக்கு அப்ப பன்னிரண்டு வயசு," என்றாள் அவள். "ஆஸ்பத்திரியில எல்லாரும் சொன்னாங்க, அம்மா ஒரு எழுத்தை விட்டுட்டாங்கன்னு. கடைசி எழுத்து வரைக்கும் படிக்கணும்னு நான்தானே சொல்லிக் குடுத்திருக்கணும்? நான் சரியாச் சொல்லிக் குடுக்கலைன்னு நினைச்சேன். அதுக்கப்புறம் நான் சொல்லிக் குடுக்கவும் இல்லை, அம்மா கேட்கவும் இல்லை. இன்னைக்கு வரைக்கும் எதையும் தானாப் படிக்க மாட்டாங்க, பஸ் நம்பரைக்கூடப் பக்கத்துல நிக்கிறவங்ககிட்டதான் கேட்கிறாங்க."

பழியை ஓர் ஆள் தலையில் வைத்துவிட்டோம் என்றுதான் கிராமர் எட்டு வருடமாக நினைத்திருந்தார். இப்படி ஒரு பிள்ளையின் தலையிலும் அது ஏறியிருக்கும் என்று அவருக்குத் தோன்றவே இல்லை.

"எட்டு வருஷம் எங்க சார் இருந்தீங்க?"

"அங்கேயேதாம்மா இருந்தேன்."

"எழுதிக் குடுங்க," என்றாள் மகள்.

மேசையில் உட்கார்ந்து தமிழிலேயே எழுதினார். போர்டில் இருந்தது குட் லிஃப்ட்தான் என்றும், தவறு முழுக்கத் தன்னுடையது என்றும், விபத்துக்குப் பிறகு தானே எழுத்தை ஒட்டியதாகவும், அதைப் படித்தவர் சரியாகவே படித்தார் என்றும் எழுதிக் கையெழுத்துப் போட்டார். மகள் வாங்கிப் பார்த்துவிட்டு அம்மாவிடம் நீட்டினாள். "நீயே படிம்மா."

"கண்ணாடி எங்க வச்சேனோ தெரியலை. நீயே வச்சுக்கோ," என்றாள் பட்டன் அக்கா. கண்ணாடி அவள் தலைமேலேயே இருந்தது. யாரும் அதைச் சொல்லவில்லை.

அவர் கும்பிட்டார். மன்னிச்சிடுங்க என்று சொல்ல நினைத்துதான் வந்திருந்தார். அந்த வார்த்தையைச் சொல்லி அவர்களிடமிருந்து இன்னும் ஒன்றை வாங்கிக்கொண்டு போவதா என்று தோன்றியது. வாய்க்குள்ளேயே விட்டுவிட்டார். அவள், "பார்த்து இறங்குங்க சார், படி செங்குத்து," என்றாள்.

அங்கிருந்து அவர் வீட்டுக்குப் போகவில்லை. கட்டடத்துக்குப் போனார். முதலாளி ஊரில் இல்லை, போனில் சொன்னதும், "பழைய கதையை எதுக்கு இப்பக் கிளப்பறீங்க? ஓய்வெடுங்க," என்று வைத்துவிட்டார். கிராமர் படியேறி நாலாவது மாடிக்குப் போனார். ஒவ்வொரு மாடியிலும் நின்று மூச்சு வாங்கினார். தையல் கூடத்தில் மெஷின்களை நிறுத்தச் சொல்லுமாறு சூப்பர்வைசரிடம் கேட்டுக்கொண்டார். பழைய ஆட்கள் ஏழு எட்டுப் பேர் இன்னும் இருந்தார்கள். அவர்கள் முன்னால் மூன்றாவது முறையாகச் சொன்னார்.

சூப்பர்வைசர் கையிலிருந்த அளவு நாடாவைச் சுருட்டினாள், அவிழ்த்தாள், மறுபடி சுருட்டினாள்.

"நாங்க அவளை என்னவெல்லாம் சொல்லிச் சிரிச்சிருக்கோம்," என்றாள். "இத்தனை வருஷமா அவகிட்ட ஒருத்தி கூடப் போகலை சார். அவ வீடு எங்க இருக்கு?"

கிராமர் முகவரிக் காகிதத்தைக் கொடுத்தார். ஞாயிற்றுக்கிழமை போகலாமா, வேலை முடிந்ததும் இன்றைக்கே போகலாமா என்று அவர்கள் தங்களுக்குள் பேச ஆரம்பித்தார்கள். அவரை யாரும் உடன் வரச் சொல்லவில்லை. அவரும் எதிர்பார்க்கவில்லை. மெஷின்கள் ஒவ்வொன்றாக மறுபடி ஓடத் தொடங்கின. அவர் வாசலில் விட்டிருந்த செருப்பை மாட்டிக்கொண்டு, கைப்பிடியைப் பிடித்துப் பிடித்துக் கீழே இறங்கினார்.